பள்ளி கைவிரித்துவிட்டால் பெற்றோர் என்ன செய்வது?

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு படிக்கிறான். சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் திக்கிப் பேசுவான். இந்த ஆண்டு வகுப்பில் நான்கு பையன்கள் சேர்ந்துகொண்டு அவன் பேசுவது போலவே பேசிக் காட்டுகிறார்கள். பையை ஒளித்து வைப்பது, கழிப்பறைக்குள் அவன் இருக்கும்போது வெளியே தாழ்ப்பாள் போடுவது, அவன் குரலைப் பதிவு செய்து வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது என்று நாளுக்கு நாள் கூடுகிறது. வகுப்பாசிரியையிடம் சொன்னோம். அவர் மறுநாள் எல்லார் முன்னாலும் அவனை எழுப்பி நிற்க வைத்து, "யாருப்பா இவனைக் கிண்டல் பண்றது?" என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து "போய் அம்மாகிட்ட சொல்லு" என்பதும் கேலியோடு சேர்ந்துகொண்டது. தலைமை ஆசிரியரைப் பார்த்தோம். "பசங்கன்னா அப்படித்தான். உங்க பையன் கொஞ்சம் தைரியமா இருக்கணும். ஆதாரம் இருந்தா கொண்டு வாங்க" என்றார். என் கணவர் "திருப்பி அடிடா" என்கிறார். மாமியார் பள்ளியை மாற்றச் சொல்கிறார். பையனோ, "இனிமே ஸ்கூலுக்கு வராதம்மா, வந்தா இன்னும் அதிகமாகும்" என்று அழுகிறான். தினமும் காலையில் வயிற்றுவலி. நான் என்ன செய்வது? (ஒரு தாய்)

பதில்:

அன்புள்ள சகோதரி,

"இனிமே ஸ்கூலுக்கு வராதம்மா" என்று உங்கள் மகன் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். பயந்த பிள்ளை ஏதோ சொல்கிறான் என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். நடந்ததை வைத்துத்தான் சொல்கிறான். நீங்கள் போய்ச் சொன்னீர்கள், ஆசிரியை அவனை எழுப்பி நிறுத்தினார், அவன் பாடு முன்னைவிட மோசமானது. பெரியவர்களிடம் சொன்னால் தனக்குத்தான் கேடு என்று அந்த ஒரே நாளில் அவன் கற்றுக்கொண்டுவிட்டான். இந்தப் பாடத்தை நீங்கள் முதலில் அழித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து நடப்பது எதுவும் உங்கள் காதுக்கே வராது.

அதற்காக "சரிடா, போகமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது. அவனிடம் இப்படிச் சொல்லுங்கள்: "நான் பேசித்தான் ஆகணும்பா. ஆனா உனக்குத் தெரியாம எதுவும் பண்ண மாட்டேன். யார்கிட்ட பேசப் போறேன், என்ன சொல்லப் போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்றேன். வகுப்புல யாரும் உன் பேரை எடுக்கக் கூடாதுன்னு எழுத்துலயே கேக்கறேன்." எழுதும் கடிதத்தை அனுப்புவதற்கு முன் அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். ஏதாவது ஒரு வரியை எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் காரணம் இருக்கும். தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பதை ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை (1989) தன் 12-வது பிரிவில் ஓர் உரிமையாகவே வைத்திருக்கிறது. எந்த உடன்படிக்கையும் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்லியிருப்பேன். ஏனென்றால், பள்ளிக்குள் என்ன நடக்கிறது என்று முழுதாகத் தெரிந்தவன் உங்கள் குடும்பத்தில் அவன் ஒருவன்தான்.

இனி பள்ளி விஷயம். இரண்டு முறை போய்விட்டு வந்திருக்கிறீர்கள். இரண்டு முறையும் வாயால் சொல்லியிருக்கிறீர்கள், அவர்களும் வாயால் பதில் சொல்லியிருக்கிறார்கள். எங்கேயும் எந்தப் பதிவும் இல்லை. அதைவிட முக்கியமான ஒன்று: நீங்கள் இதுவரை அவர்களிடம் கேட்டது, உங்கள் வார்த்தையை நம்ப வேண்டும், அந்தப் பிள்ளைகளைக் கண்டிக்க வேண்டும் என்பதை. இரண்டுமே நியாயமானவைதான். ஆனால் இரண்டிலிருந்தும் பள்ளியால் எளிதாக நழுவ முடியும். நம்பவில்லை என்று சொல்லலாம், கண்டித்துவிட்டோம் என்றும் சொல்லலாம். இனிமேல் நீங்கள் கேட்க வேண்டியது ஏற்பாட்டை. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த ஆசிரியர், என்ன செய்வார், என்றைக்குத் திரும்பப் பார்ப்போம் என்பதை. எழுத்தில் வந்த இந்தக் கேள்விக்குப் "பசங்கன்னா அப்படித்தான்" என்று யாராலும் பதில் எழுத முடியாது.

அந்த வாக்கியத்துக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கே உள்ளூர ஒரு சந்தேகம் இருக்கலாம், நாம்தான் பெரிதுபடுத்துகிறோமோ என்று. நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ் 1970-களிலிருந்து பள்ளிகளில் நடக்கும் இந்தக் கொடுமையை ஆராய்ந்தவர். அவர் வகுத்துக் கொடுத்த மூன்று அடையாளங்களைத்தான் உலகம் முழுவதும் இன்றும் பயன்படுத்துகிறார்கள். வேண்டுமென்றே செய்வது. திரும்பத் திரும்பச் செய்வது. செய்பவருக்கும் படுபவருக்கும் நடுவே பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. உங்கள் மகன் விஷயத்தில் மூன்றும் இருக்கின்றன. நான்கு பேருக்கு எதிரே ஒருவன், அதுவும் சட்டென்று பதில் பேச வராதவன். இரண்டு நண்பர்கள் சண்டை போட்டுக்கொண்டு மறுநாள் சேர்ந்து விளையாடுவதும் இதுவும் ஒன்றல்ல.

நார்வேயின் கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. 1982-ன் இறுதியில் அங்கே மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமையே காரணமாக இருக்கக்கூடும் என்று செய்தி பரவியதும் நாடே அதிர்ந்தது. மறு ஆண்டே கல்வி அமைச்சகம் நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது. சிறு பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒதுக்கிவைத்திருந்ததை ஓர் அரசாங்கம் தன் வேலையாக எடுத்துக்கொண்டது அப்போதுதான். யுனெஸ்கோ 2019-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, முந்தைய ஒரு மாதத்துக்குள் பள்ளியில் இப்படிச் சீண்டப்பட்டதாகச் சொன்ன மாணவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பிரிட்டனில் 1958-ல் பிறந்த குழந்தைகளை ஆயுள் முழுக்கப் பின்தொடரும் ஓர் ஆய்வு நடக்கிறது. பள்ளி வயதில் அடிக்கடி கொடுமைக்கு ஆளானவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் ஐம்பது வயதிலும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்ததை அது காட்டியது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பலர் இதிலிருந்து நன்றாகவே மீண்டு வருகிறார்கள். "வளர்ந்தா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

"ஆதாரம் கொண்டு வாங்க" என்றாரே தலைமை ஆசிரியர், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். உண்மையில் விசாரிக்க வேண்டியது அவர் வேலை. பள்ளிக்குள் நடந்ததற்கு வெளியில் இருக்கும் தாயிடம் ஆதாரம் கேட்பது முறையே அல்ல. ஆனாலும் அந்த வாதத்தில் மாட்டிக்கொண்டு நாட்களைக் கழிக்காதீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி, நேரம், இடம், யார் என்ன செய்தார்கள், யார் பார்த்தார்கள், பிறகு யாரிடம் சொன்னான், அவர் என்ன செய்தார் என்று ஒவ்வொரு சம்பவத்தையும் எழுதுங்கள். பையன் சொன்ன வார்த்தைகளை அவன் வாய்மொழியிலேயே எழுதுங்கள். "மனரீதியாகத் துன்புறுத்தினார்கள்" என்று எழுதாதீர்கள். "மூன்றாவது பீரியட் முடிந்ததும் கழிப்பறைக்குப் போனேன், வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள், மணி அடித்த பிறகுதான் திறந்தார்கள்" என்று எழுதுங்கள். இதுவரை நடந்தவற்றில் நினைவிருப்பவற்றையும் எழுதுங்கள். தேதி சரியாகத் தெரியாவிட்டால் "ஜூலை இரண்டாவது வாரம்" என்று போதும். கற்பனையாக ஒரு தேதியைப் போட்டுவிடாதீர்கள், ஒரு தேதி தவறாகிப் போனால் மொத்தமும் சந்தேகத்துக்கு ஆளாகும். நீங்கள் பள்ளிக்குப் போய் வந்த இரண்டு நாட்களையும் மறக்காமல் எழுதுங்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை. பையன் வீட்டுக்குள் நுழைந்ததும் "இன்னைக்கு யாரு என்ன பண்ணா?" என்று நோட்டோடு நிற்காதீர்கள். பள்ளியில் அவன் நாள் முழுக்க அதை அனுபவிக்கிறான். வீட்டிலும் அதே பேச்சு என்றால் அவனுக்குப் போக இடமில்லை. சாப்பிட்டு, விளையாடி, மனம் இளகிய நேரத்தில் ஒரு பத்து நிமிடம் போதும். சில நாள் சொல்ல மாட்டான், விட்டுவிடுங்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்பதைவிடச் சேர்ந்து நடக்கும்போதோ ஏதாவது வேலை செய்யும்போதோ பிள்ளைகள் எளிதாகப் பேசுவார்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள், ஆலோசகர்கள் பலர் கையாளும் முறை இது. ஒரு தாளைக் கொடுத்துப் பள்ளியின் வரைபடத்தை அவனையே வரையச் சொல்லுங்கள். வகுப்பறை, மாடிப்படி, கழிப்பறை, மைதானம், வாசல், வண்டி ஏறும் இடம், எல்லாம். பயமில்லாத இடத்துக்குப் பச்சை, பயமான இடத்துக்குச் சிவப்பு. எந்த நேரத்தில் பயம் என்பதையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். இப்படி வரையும் பிள்ளைகளின் தாளில் பெரும்பாலும் பெரியவர்களின் பார்வை படாத இடங்கள்தான் சிவப்பாகின்றன. வாயால் சொல்லத் திணறும் பிள்ளைக்கு இது பெரிய உதவி. பள்ளிக்கும் உதவிதான். "என் மகனைக் கிண்டல் செய்கிறார்கள்" என்ற புகாரோடு ஒப்பிட்டால், "இடைவேளையில் இந்தக் கழிப்பறை வாசலில் பெரியவர்கள் யாரும் இல்லை" என்ற தகவலை வைத்துக்கொண்டு உடனே ஏதாவது செய்ய முடியும்.

கழிப்பறை என்றதும் ஒன்று கேட்க வேண்டும். பகல் முழுக்க அவன் சிறுநீரை அடக்கிக்கொண்டிருக்கிறானா? வீட்டுக்கு வந்ததும் முதலில் ஓடுவது அங்கேயா? தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே திரும்புகிறதா? உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போடப்பட்ட பிள்ளைகளிடம் இது சாதாரணமாக நடக்கும். காலை வயிற்றுவலிக்குப் பயம் ஒரு காரணமாக இருக்கலாம், இதுவும் சேர்ந்திருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், பள்ளியில் நடப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பயத்தால் வரும் வயிற்றுவலியும் உண்மையான வலிதான். "நடிக்காதே" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. மருத்துவர் எழுதும் சீட்டையும் கோப்பில் வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்ததை அழிக்காதீர்கள். பதில் போடவும் வேண்டாம். அனுப்பியவர் பெயர், எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். குரல் பதிவைத் தனியாகச் சேமியுங்கள். அது உங்கள் கணவர் போனிலும் ஒரு பிரதியாக இருக்கட்டும். "ஸ்கூலுக்கு வெளியே நடக்கறதுக்கு நாங்க பொறுப்பில்லை" என்று பள்ளி சொல்லக்கூடும். ராத்திரி போட்ட பதிவுக்கு மறுநாள் வகுப்பறையில்தான் எல்லாரும் சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பு பள்ளிக்குள் நடக்கிறது என்று பதில் சொல்லுங்கள். கோபத்தில் பெற்றோர் குழுவில் இதை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒரே ராத்திரியில் உங்கள் பிள்ளை ஊர்ப்பேச்சாகிவிடுவான். அந்த நான்கு வீட்டாரும் ஒரே அணியாகிவிடுவார்கள். வாசலில் நின்று அந்தப் பையன்களை மிரட்டுவதும் அப்படித்தான். அவர்களும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். நீங்கள் கையை ஓங்கினால் அந்த நிமிடமே குற்றவாளி நீங்கள்.

இப்போது கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். திட்டு வேண்டாம், "உங்கள் பள்ளியை நம்பிச் சேர்த்தோம்" என்ற வருத்தமும் வேண்டாம். ஏறக்குறைய இப்படி:

"மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகனைச் சில மாணவர்கள் தொடர்ந்து துன்புறுத்தி வருவது குறித்து, வகுப்பாசிரியையிடம் இந்தத் தேதியிலும் தங்களிடம் இந்தத் தேதியிலும் நேரில் தெரிவித்தோம். அதன் பிறகும் நடந்த சம்பவங்களைத் தேதி, இடத்துடன் இணைத்துள்ளேன். இதை விசாரிக்கும் பொறுப்பு யாருக்கு என்பதையும், இது பற்றிப் பள்ளியின் எழுத்துபூர்வமான விதிமுறை என்ன என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். விசாரணை முடியும் வரை என் மகனின் பாதுகாப்புக்குச் செய்யப்படும் ஏற்பாடுகளை ஒரு வாரத்துக்குள் எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அவன் பெயர் வகுப்பில் மற்ற மாணவர் முன்னிலையில் குறிப்பிடப்படக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன்."

நேரில் கொடுத்தால் பிரதியில் கையெழுத்தும் தேதி முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். பணிவாக எழுதுவதால் நீங்கள் தாழ்ந்து போகவில்லை. இந்தக் கடிதம் நாளை உயர் அதிகாரியின் மேஜையில் இருக்கும்போது, நிதானமாகப் பேசியது யார் என்று படிப்பவருக்கு உடனே தெரியும்.

சந்திப்புக்குக் கூப்பிடுவார்கள். கணவன், மனைவி இருவரும் போங்கள். ஒருவர் பேசட்டும், மற்றவர் எழுதட்டும். அங்கே நீங்கள் கேட்பதெல்லாம் கையில் பிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பையன் எப்போது வேண்டுமானாலும் போய்ச் சொல்லக்கூடிய ஒரு ஆசிரியர், அவன் தானே தேர்ந்தெடுத்தவர். இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் ஒரு பெரியவர். இருக்கை மாற்ற வேண்டுமென்றால் மாற வேண்டியது அந்த நால்வர், இவன் அல்ல. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். "உங்க பையனை வேற செக்‌ஷனுக்கு மாத்திடறோம்" என்பது அவர்களுக்குச் சுலபம். ஆனால் அடிபட்டவனே இடம்பெயர்வதைப் பார்த்து வகுப்பு முழுக்க ஒரு செய்தியை வாங்கிக்கொள்ளும். அவனே மாற விரும்பினால் அது வேறு விஷயம். கடைசியாக, இரண்டு வாரம் கழித்து மறுபடி உட்கார்ந்து பேச ஒரு தேதி. இந்தத் தேதியை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

நான்கு பேரையும் இவனையும் ஒரே அறையில் உட்கார வைத்து, கை கொடுத்துச் சமாதானமாகப் போகச் சொல்லலாம் என்பார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். சமமானவர்களுக்கு இடையே வந்த சண்டைக்குத்தான் சமரசம் சரிவரும். இங்கே இரு பக்கமும் தவறு என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த அறையில் அவன் மறுபடியும் நான்கு பேருக்கு எதிரே தனியாக உட்காருவான், வெளியே வந்ததும் கணக்குத் தீர்க்கப்படும். அமெரிக்க அரசின் வழிகாட்டுதல்களும் இந்த மாதிரி விஷயத்தில் சமரசப் பேச்சு வேண்டாம் என்றே சொல்கின்றன. தனித்தனியாக விசாரிக்கட்டும், தனித்தனியாகப் பேசட்டும்.

நீங்கள் ஓர் இடத்தில் விட்டுக்கொடுக்கலாம். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன தண்டனை என்று பள்ளி உங்களிடம் சொல்லாமல் போகலாம். அவர்களும் குழந்தைகள், அவர்கள் விவரத்தைப் பாதுகாக்கும் கடமை பள்ளிக்கு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். "அவங்களுக்கு என்ன பண்ணீங்கன்னு நான் கேக்கல. என் பையனுக்கு நாளையிலேருந்து என்ன மாறும்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பள்ளிகள் ஏன் இப்படி முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்திருப்பது பயன்படும். பல ஆசிரியர்களின் கண்ணில் இது உண்மையிலேயே படுவதில்லை, அவர்கள் திரும்பியிருக்கும் நேரத்தில்தான் நடக்கிறது. நிர்வாகத்துக்கோ வேறு கவலை: ஒப்புக்கொண்டால் பள்ளிக்குக் கெட்ட பெயர். அதனால் அவர்களைக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கப் போராடினால் கதவை இறுக்கிக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாமலே வேலையைச் செய்ய ஒரு வழி விட்டுக் கொடுங்கள். "விசாரணை முடியட்டும், அதுவரைக்கும் இந்த ஏற்பாடுகள் மட்டும் இருக்கட்டும்" என்பது அப்படிப்பட்ட வழி. உங்களுக்கு வேண்டியது அவர்கள் தலைகுனிவது அல்லவே.

வீட்டுக்கு வந்த அன்றே, பேசியதை எல்லாம் சுருக்கி ஒரு மின்னஞ்சல் போடுங்கள். "இன்று நாம் ஒப்புக்கொண்டவை இவை. ஏதாவது மாறியிருந்தால் மூன்று நாளில் தெரிவியுங்கள்." பதில் வராவிட்டால் அதுவே ஒப்புதலாக நிற்கும் என்று சட்டம் பேச வேண்டியதில்லை. நடந்தது பதிவாகிவிட்டது, அது போதும்.

சொன்ன தேதி தாண்டியும் எதுவும் நடக்கவில்லையா? அதே கடிதங்களை இணைத்துப் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு எழுதுங்கள். அங்கும் நடக்காவிட்டால் கல்வித் துறையின் உங்கள் பகுதி அதிகாரிக்கு. பிறகு குழந்தைகள் உரிமைக்கென்று உங்கள் நாட்டில் இருக்கும் ஆணையத்துக்கு. ஒவ்வொரு படியிலும் புதிதாக அழுது முறையிட வேண்டியதில்லை. முந்தைய கடிதமும், அதற்கு வந்த பதிலும், அல்லது பதில் வராத நாட்களும் பேசும். இதே வகுப்பில் இன்னொரு பிள்ளையும் அவதிப்பட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. அந்தத் தாயைத் தெரிந்தால் அமைதியாகப் பேசிப் பாருங்கள். இரண்டு குடும்பம் கையெழுத்திட்ட கடிதத்தை ஒதுக்கிவைப்பது கடினம்.

சிலவற்றுக்கு இந்தப் படிகள் எதுவும் பொருந்தாது. உடலில் காயம், பணம் பறிப்பு, ஆயுதத்தைக் காட்டி மிரட்டல், அந்தரங்க உறுப்பைத் தொடுவது, கழிப்பறைக்குள் வீடியோ எடுப்பது, இவற்றில் எது நடந்தாலும் அன்றே காவல் துறைக்கோ குழந்தைகள் உதவி எண்ணுக்கோ போய்விடுங்கள். பள்ளியின் விசாரணைக்குக் காத்திருக்க வேண்டாம். "நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்" என்ற மாதிரி பையன் ஒரு வார்த்தை சொன்னாலும் அப்படித்தான். உட்கார வைத்து நேராகவே கேளுங்கள், "செத்துப் போகணும்னு தோணுதாப்பா?" என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சொல்ல ஒருவர் கிடைத்தார் என்றுதான் ஆகும். ஆம் என்றால் அவனைத் தனியே விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

உங்கள் கணவர் "திருப்பி அடி" என்பது பாசத்தில் சொல்வது. மகன் கூனிக் குறுகுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள், எதிரே நான்கு பேர். அதோடு, நான்கு மாதம் நடந்ததைப் பார்க்காத ஆசிரியர் அவன் அடிக்கும் அந்த ஒரு அடியைப் பார்ப்பார். பிறகு புகார் உங்கள் மகன் மேல் எழுதப்படும். அடிக்க முடியாமல் திரும்பி வந்தாலோ, இப்போது அப்பாவிடமும் தோற்றுப்போனவனாகிறான். அந்தப் பாரத்தை அவன் தலையில் வைக்க வேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள். அவர் கோபத்துக்கு வேலை இருக்கிறது: லீவு போட்டுவிட்டு அந்தச் சந்திப்புக்கு வருவது. அப்பா தனக்காக வந்து உட்கார்ந்தார் என்பது பையனுக்குக் கிடைக்கும் பெரிய பலம்.

தைரியமாக இருக்க வேண்டும் என்றாரே தலைமை ஆசிரியர், அதையும் விட மனமில்லை. வாய் திறந்தாலே சிரிக்கும் வகுப்புக்குத் தினமும் காலையில் வயிற்றுவலியோடு கிளம்பிப் போகிறான். நடந்ததை உங்களிடம் சொல்லவும் செய்தான். அவனிடம் தைரியம் இருக்கிறது. "நீ சொன்னது சரி, உன் மேல தப்பில்லை" என்று உங்கள் வாயால் அவன் கேட்கட்டும், ஒரு முறை அல்ல, பல முறை.

இதோடு சேர்ந்த ஒன்று. திக்கிப் பேசுவது சரியானால் சீண்டலும் நின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள், உங்களுக்கும் தோன்றும். பேச்சுப் பயிற்சி நல்லது, அவனுக்கு விருப்பமிருந்தால் கொடுங்கள். ஆனால் அதை இதற்குத் தீர்வாக அவனிடம் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால், "நான் இப்படி இருப்பதால்தான் இது நடக்கிறது" என்று அந்த நால்வர் சொல்வதையே வீடும் சொன்னதாகிவிடும். திக்காமல் பேசும் பிள்ளைகளையும் சீண்டுகிறார்கள், கண்ணாடிக்காக, நிறத்துக்காக, நன்றாகப் படிப்பதற்காக, படிக்காததற்காக. பயந்தால் திக்கல் இன்னும் கூடும் என்பதால், பாதுகாப்பு கிடைத்தாலே பேச்சு கொஞ்சம் இலகுவாவதைக்கூட நீங்கள் பார்க்கலாம்.

அந்த வகுப்பில் நான்கு பேர் செய்கிறார்கள், ஒருவன் படுகிறான். மீதிப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில்தான் உங்கள் நம்பிக்கை இருக்கிறது. கனடாவில் விளையாட்டு மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள் 2001-ல் சொன்னது: பெரும்பாலான சம்பவங்களில் சுற்றிலும் பிள்ளைகள் நின்றார்கள், குறுக்கே வந்தவர்கள் குறைவு. ஆனால் யாராவது குறுக்கே வந்தபோது, பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் பத்து நொடிக்குள் அது நின்றுபோனது. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய கிவா என்ற திட்டமே, வேடிக்கை பார்க்கும் இந்தப் பெரும்பான்மையை மாற்றுவதில் கவனம் வைக்கிறது. இதைச் சந்திப்பின்போது வகுப்பாசிரியையிடம் சொல்லலாம். பெயர் சொல்லாமல், எல்லா வகுப்புகளுக்கும் பொதுவாக, பார்த்தவர்கள் என்ன செய்யலாம் என்று ஒரு பாடவேளை பேசட்டும். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது, அவனிடம் அன்பாக இருக்கும் ஒரே ஒரு பிள்ளையைக் கண்டுபிடிப்பது. ஒரு நண்பன் இருப்பதே சீண்டலின் வீரியத்தைக் குறைக்கிறது. விடுமுறை நாளில் அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அழையுங்கள். பள்ளிக்குத் தொடர்பில்லாத ஓர் இடமும் அவனுக்கு வேண்டும், நீச்சலோ, செஸ்ஸோ, மிருதங்கமோ, அவனை வேறு மாதிரி அறிந்தவர்கள் இருக்கும் இடம்.

பள்ளியை மாற்றலாமா? உங்கள் மாமியார் சொல்வதில் தவறில்லை, சில நேரம் அதுதான் சரியான முடிவு. எழுதியும், மேலே போயும், இரண்டு மாதத்தில் அவன் நிலை மாறவில்லை என்றால், தூக்கமும் சாப்பாடும் குறைந்துகொண்டே போனால், மாற்றிவிடுங்கள். கொள்கைக்காகப் போராடும் களம் அல்ல அவன் குழந்தைப் பருவம். அப்படி மாற்றினால் அது அவன் தோற்று ஓடுவதாக அவன் நினைக்காதபடி, "அந்த ஸ்கூல் உன்னைப் பாத்துக்கல, அதனால நாங்க அந்த ஸ்கூலை வேண்டாம்னு சொல்லிட்டோம்" என்று சொல்லுங்கள். புதிய பள்ளியில் சேர்க்கும் முன்பே அங்கே இதை எப்படிக் கையாளுகிறார்கள் என்று கேளுங்கள். "எங்க ஸ்கூல்ல அப்படியெல்லாம் நடக்கவே நடக்காது" என்று சொல்லும் பள்ளியைவிட, நடந்தால் என்ன செய்வோம் என்று விளக்கும் பள்ளி நல்லது. பழைய பள்ளி மீது கொடுத்த புகாரைத் திரும்பப் பெறாதீர்கள். அந்த நான்கு பேர் அடுத்து இன்னொரு பிள்ளையைத் தேடுவார்கள்.

இன்று ராத்திரி நோட்டைத் தொடங்குங்கள். இந்த வாரம் கடிதம் போகட்டும். கொடுத்த நாளிலிருந்து இரண்டு வாரம் கழித்து என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். எந்தப் பதிலும் வராவிட்டாலும் எழுதுங்கள், மேலிடத்துக்குப் போக வேண்டிய கடிதத்தை நாம் சேர்ந்தே எழுதுவோம்.